ஓடாத வண்டியின் ஆயில்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு: எஞ்சின் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? 5,000 என்கிறவர் தன் எஞ்சின்மீது தனக்குள்ள பற்றைச் சொல்கிறார். 15,000 என்கிறவர் கம்பெனிக் கையேட்டைக் காட்டுகிறார். நடுவில் 10,000 என்று பஞ்சாயத்து செய்கிறவரும் இருப்பார். மூவருமே கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் விசாரிப்பதில்லை. ஆயில் தூரத்தால் கெடுகிறது, ஆகவே அதன் ஆயுளைத் தூரத்தால் அளக்கலாம் என்பதுதான் அது. தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். வருடத்தின் பெரும்பகுதியை மூடிய ஷெட்டில் கழித்து, ஞாயிறு காலைகளில் மட்டும் வெளியே வந்து, எப்போதாவது பந்தயத் தடத்தில் முழு வேகத்துக்கு முடுக்கப்படும் காருக்கு அது பொருந்தாது. அந்தக் காரின் ஆயிலுக்கு நாள் குறிக்க வேண்டியவை காலண்டரும் வெப்பமும்தான். ஓடோமீட்டருக்கு மூன்றாவது இடம் கொடுத்தால் போதும்.

இப்போது புழங்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே அவற்றின் மீதுள்ள பக்தி பாதி குறைந்துவிடும். அமெரிக்கர்கள் நெடுங்காலம் நம்பிவந்த கணக்கு 3,000 மைல் அல்லது 3 மாதம். கிலோமீட்டரில் ஏறத்தாழ 4,800. கார்புரேட்டரும் கனிம எண்ணெயும் காரீயம் கலந்த பெட்ரோலும் இருந்த காலத்தில் அந்தக் கணக்குக்கு நியாயம் இருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கார்புரேட்டர் தேவைக்கு மேலேயே பெட்ரோலை ஊற்றும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி ஆயிலில் கலக்கும். பிறகு எரிபொருளை மின்னணுவியல் அளந்து கொடுக்கத் தொடங்கியது, ஆயிலும் செயற்கை எண்ணெயாக மாறியது. ஆனாலும் எண் மட்டும் மாறவில்லை. ஆயில் மாற்றித் தரும் கடைகளுக்கு அந்த எண் சோறு போட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ‘லாங்லைஃப்’ திட்டம் நிற்கிறது. அதன்படி 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டுகள் வரை ஒரே ஆயிலில் ஓட்டலாம். ஐரோப்பாவில் புதிய கார்களில் கணிசமான பங்கை நிறுவனங்கள் வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்து, சில ஆண்டுகளில் கைமாற்றிவிடுகின்றன. அப்படி வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பராமரிப்புச் செலவைத்தான். ஒரே வகை எஞ்சின், ஒரே வேதியியல். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம். இவ்வளவு பெரிய இடைவெளியை உலோகத்தின் தேவையால் மட்டும் விளக்க முடியாது. எண்ணைச் சொல்கிறவரின் தேவையும் அதற்குள் இருக்கிறது.

உலோகத்தின் தேவையைத் தெரிந்துகொள்ள 1883க்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் இயந்திரவியல் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த போஷாம்ப் டவர், ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், பிதுக்கித் தள்ளியது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதையும் தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின்மேல் இருந்த சராசரிச் சுமையைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. சுழலும் அச்சு தன் வேகத்தாலேயே எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது, அந்த எண்ணெய் ஆப்பு போலப் புகுந்து சுமையைத் தூக்கிப் பிடிக்கிறது என்று 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்டிரிபெக் 1902இல் வரைந்த வளைகோடு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. வேகம் குறையக் குறைய அந்தப் படலம் மெலிகிறது. புறப்படும் நொடியிலும் நிற்கும் நொடியிலும் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

நம் வழக்குக்கு இதில் ஒரு சாட்சியம் இருக்கிறது. சூடேறிய எஞ்சின் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஆயிலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது; கலந்த பெட்ரோலும் பெரும்பாலும் பிரிந்துபோகிறது. அதாவது ஆயில் மிகக் குறைவாகத் துன்பப்படுவது கிலோமீட்டர்கள் மிக வேகமாகக் கூடும் வேளையில்தான். ஓடோமீட்டர் உண்மையில் எண்ணிக்கொண்டிருப்பது எஞ்சினின் நல்ல நேரத்தை. கெட்ட நேரங்கள் அதில் ஏறக்குறைய பதிவாவதே இல்லை. ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி, மீண்டும் உள்ளே விட்டால் ஓடோமீட்டரில் ஓர் எண்கூட நகராது. எஞ்சினோ அதற்குள் அன்றைய தேய்மானத்தில் பெரும்பங்கைச் சந்தித்து முடித்திருக்கும்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. அதில் மிகப் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் சிறுபகுதி கிராங்க் கேஸுக்குள் வருகிறது. உள்ளே சூடாக இருந்தால் அதுவும் காற்றோட்டக் குழாய் வழியே வெளியேறிவிடும். குளிர்ச்சியாக இருந்தால் சுவரில் வியர்த்து ஆயிலில் இறங்கும். அந்தக் கசிவோடு வரும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் அந்த நீரில் கரைந்து அமிலமாகின்றன. இந்த அமிலத்தைச் சமன்செய்ய ஆயிலில் காரப் பொருள்கள் சேர்த்திருக்கிறார்கள். அவற்றின் கையிருப்பைக் குறிக்கும் அளவுதான் டி.பி.என். ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. தரங்களில் ஏ3/பி4 வகை ஆயிலுக்கு அது குறைந்தது 10 இருக்க வேண்டும். புகைவடிகட்டிகளைக் காப்பதற்காகச் சாம்பல் குறைத்துத் தயாரிக்கப்படும் சி3 வகைக்கு 6 இருந்தால் போதும். சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்த அந்த மாற்றம் அமிலத்துக்கு எதிரான சேமிப்பைக் குறைத்துவிட்டது. நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற ஆயில் 90, 100 டிகிரியில் கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் சென்னையின் 30 டிகிரிக் காலையும் குளிர்தான். கடலோரக் காற்றின் ஈரப்பதம் இதற்கு உபரி.

மறுமுனையில் வெப்பம் இருக்கிறது. வேதிவினைகள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பெறும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. அன்றாடச் சாலையில் 95 டிகிரியில் இருக்கும் ஆயில் பந்தயத் தடத்தில் 125 டிகிரிக்குப் போனால் அது ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் எட்டு மடங்கு. பிஸ்டன் வளையங்களின் அருகே வெப்பம் இதைவிடவும் மிக அதிகம். ஆக்சிஜனேற்றம் ஆயிலைத் தடிக்க வைத்து, அரக்குப் போன்ற படிவை உண்டாக்குகிறது. இன்னொரு பக்கம், 0டபிள்யூ-40 போன்ற ஆயில் சூட்டிலும் தன் பிசுபிசுப்பை விடாமல் இருக்க உதவும் நீண்ட பாலிமர் சங்கிலிகள் உயர் சுழற்சியில் பற்சக்கரங்களுக்கும் கேம்களுக்கும் இடையே நசுங்கித் துண்டாகின்றன. 100 டிகிரியில் பிசுபிசுப்பு 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போய்விட்டால் 40 என்று பெயர் வைத்த ஆயில் எஸ்.ஏ.இ. அட்டவணைப்படி 30 ஆகிவிடும். ஒருபுறம் தடிக்கிறது, மறுபுறம் நீர்த்துப்போகிறது. இரண்டும் சேர்ந்து நடக்கும்போது பிசுபிசுப்பை அளக்கும் கருவி எல்லாம் சரி என்று பொய்ச் சான்று கொடுப்பதும் உண்டு.

இந்த இரு முனைகளையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஷெர்லி ஷ்வார்ட்ஸும் டொனால்ட் ஸ்மோலென்ஸ்கியும். 1987இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தைக் கார் தானாகவே சொல்லும் ஏற்பாட்டை விவரித்தது. அந்த ஏற்பாடு ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, அப்போது ஆயிலின் வெப்பம் என்ன என்ற இரண்டைக் கொண்டே கணக்குப் போடுகிறது. அதன் அடியில் இருக்கும் கண்டுபிடிப்பு எளிமையானது: ஆயில் மிக நீண்ட காலம் வாழ்வது மிதமான சூட்டில். அதற்குக் கீழேயும் அதற்கு மேலேயும் ஆயுள் சரிகிறது. குளிர்ந்த குறும்பயணத்தில் ஆயிலைக் கெடுப்பது கலப்படம். கடும் சூட்டில் கெடுப்பது சிதைவு. காரணங்கள் வேறானாலும் முடிவு ஒன்று. ஸ்போர்ட்ஸ் காரின் வாழ்க்கையை இந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் அது நடுவில் மிகக் குறைவாகவும் இரு விளிம்புகளில் மிக அதிகமாகவும் விழுகிறது. குடும்பக் காரின் ஒரு கிலோமீட்டரும் இதன் ஒரு கிலோமீட்டரும் பெயரளவில்தான் ஒன்று. அந்த ஏற்பாட்டை அன்று முதல் தன் கார்களில் வைத்துவரும் அதே நிறுவனம், திரை என்ன சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றிவிடு என்று கையேட்டில் சேர்த்தே எழுதுகிறது. சுற்றுகளை எண்ணும் கணக்கு, எஞ்சின் சுற்றாமல் நிற்கும் நாட்களைக் காணாது என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்புதல் தேவையில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1964இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911, 1998 வரை காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. காற்றோடு ஆயிலும் சேர்ந்துதான் அதைக் குளிர்வித்தது. சிறிய கார் ஒன்று 3, 4 லிட்டர் ஆயிலில் ஓடும்போது 911 தனித் தொட்டியில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கைச் சுமந்தது. அந்தத் தொட்டியில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கை உருவினால் அது சொல்வதற்கு மதிப்பில்லை. 2000இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 இன்னும் ஒரு படி மேலே போனது. 8,000 சுற்று வரை போகக்கூடிய அதன் எஞ்சினுக்கான டேக்கோமீட்டரில் வரிசையாக விளக்குகள் எரியும். ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இப்போது இவ்வளவு முடுக்கலாம் என்று ஓட்டுநருக்கு அனுமதி கொடுக்கும். ஆயிலின் வெப்பத்தைக் கண்ணுக்கு எதிரே வைத்த அதே தொழில், மாற்றும் நேரம் வரும்போது கிலோமீட்டர் கணக்குக்கே திரும்பிவிடுகிறது. வாங்குகிறவருக்கு எளிதாகப் புரிவது அதுதான் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நிற்கும் எந்திரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை வேறொரு தொழில் முன்பே யோசித்துவிட்டது. சிறு விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் லைக்கமிங் நிறுவனம், ஆயில் ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முந்தியோ அதற்கு ஆயிலை மாற்றச் சொல்கிறது. பறந்த தூரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மணிக்கணக்கு வெப்பத்துக்கும் சுழற்சிக்கும் நெருக்கமானது. மாதக்கணக்கு நிற்பதற்கான விலை. அதே நிறுவனம் இன்னொன்றையும் வலியுறுத்துகிறது. பறக்காத விமானத்தின் எஞ்சினைத் தரையில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவது பறப்பதற்கு மாற்றாகாது. அது உள்ளே துருவை அதிகமாக்கும். ஷெட்டில் நிற்கும் காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது நேரடியான பதில். அந்த ஐந்து நிமிடம் ஆயிலுக்குள் தண்ணீரைச் சேர்க்கிறது, அதை வெளியேற்றும் அளவுக்குச் சூட்டைக் கொடுப்பதில்லை. ஜெர்மனியில் 1997 முதல் பருவகால எண்பலகை உண்டு. வருடத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கார் சாலைக்கு வரலாம் என்பது பலகையிலேயே அச்சாகியிருக்கும். மார்ச்சிலிருந்து அக்டோபர் என்று எழுதிய ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு மாத உறக்கம் சட்டப்படியே உறுதி. அதன் ஆயிலைப் பற்றிய கேள்விக்குக் கிலோமீட்டரில் பதில் சொல்வது, கேள்வியைக் காதில் வாங்காமல் பதில் சொல்வதாகும்.

இதற்கு எதிராக வரக்கூடிய முதல் ஆட்சேபம் வலுவானதுதான். சீல் உடைக்காத ஆயில் டப்பா அலமாரியில் ஐந்து ஆண்டு கெடாமல் இருக்கிறதே, எஞ்சினுக்குள் சும்மா கிடக்கும் ஆயில் மட்டும் ஓராண்டில் எப்படிக் கெடும்? எண்ணெய் வெறும் காலத்தால் கெடுவதில்லை என்பது உண்மை. ஆனால் எஞ்சினுக்குள் இருப்பது டப்பாவில் இருந்த ஆயில் அல்ல. அது ஒருமுறையாவது எரிந்த வாயுவோடு கலந்த ஆயில். அமிலமும் ஈரமும் பெட்ரோலும் உலோகத் துகளும் அதற்குள் ஏற்கெனவே இருக்கின்றன. டப்பா இறுக மூடியது, எஞ்சினோ சுவாசிக்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்றோடு ஈரமும் உள்ளே வரும். ஒரு வடைச்சட்டி எண்ணெயையும் பிரிக்காத எண்ணெய்ப் பாக்கெட்டையும் ஒரே வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்தாலும் அந்த எண்ணெய்க்குள் நடந்தது நடந்ததுதான். செம்பும் காரீயமும் கலந்த பேரிங் உலோகத்தை அமிலம் தின்பதற்கு எஞ்சின் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. நிற்கும் மாதங்களில் அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் அதிகாரத்தைச் சார்ந்தது. எஞ்சினைச் செய்தவர்களே பல்லாயிரம் மணி நேரம் சோதித்து ஓர் எண்ணைச் சொல்லியிருக்கும்போது அதற்கு மேலே பேச நாம் யார்? கையேட்டை முழுதாகப் படிக்கிறவர் இதைக் கேட்கமாட்டார். ஏறக்குறைய எல்லாக் கையேடுகளிலும் அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘அல்லது இத்தனை மாதம், எது முன்னதோ’ என்ற வரி இருக்கும். குறும்பயணம், தூசி, கடும் வெப்பம், பந்தயத் தடம் ஆகியவற்றுக்குக் குறுகிய இடைவெளி சொல்லும் பக்கமும் பல கையேடுகளில் இருக்கும். ஃபெராரி 2011இல் அறிவித்த ஏழாண்டுப் பராமரிப்புத் திட்டம் 20,000 கிலோமீட்டர் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்று வகுத்தது. ஃபெராரியை ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் மிக அரிது. ஆகவே அந்த வாக்கியத்தில் உண்மையில் வேலை செய்வது இரண்டாவது பாதிதான். உற்பத்தியாளரின் கண் எட்டும் தூரத்தையும் கவனிக்க வேண்டும். உத்தரவாதக் காலமும் முதல் உரிமையாளரும்தான் அவருடைய கணக்கின் எல்லை. ஸ்போர்ட்ஸ் கார் அந்த எல்லையைத் தாண்டி வாழ்வதற்கென்றே வாங்கப்படுவது. இதுவரை தான் செய்த கார்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் ஓடுகின்றன என்று போர்ஷே பெருமையோடு சொல்லிவருகிறது. முப்பதாவது ஆண்டிலும் நான்காவது உரிமையாளரிடமும் இருக்கப்போகும் எஞ்சினுக்கு, முதல் மூன்று ஆண்டுகளை மனத்தில் வைத்துப் போட்ட எண் போதாது.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆயில் மலிவு, எஞ்சின் விலை அதிகம், அப்படியானால் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் என்ன நஷ்டம்? அக்கறைபோலத் தோன்றும் இதற்குள் சிந்திக்க மறுக்கும் சோம்பல் இருக்கிறது. உலோகத்தின்மேல் காப்புப் படலத்தை உண்டாக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேலை செய்து படிய நேரம் எடுக்கும். ஓரளவு ஓடிய ஆயிலில் கேம் பகுதியின் தேய்மானம் புது ஆயிலில் இருந்ததைவிடக் குறைந்திருப்பதைச் சோதனைகள் கண்டிருக்கின்றன. வடிகால் பிளக்கைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் மரை தேயவும் வாஷர் கசியவும் தவறான ஃபில்டர் மாட்டப்படவும் ஒரு வாய்ப்பு. ஒரு காலன் கழிவு ஆயில் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. 3,000 மைல் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி கலிஃபோர்னியா அரசே பிரச்சாரம் செய்ததற்கு இந்தக் கழிவுதான் காரணம். இவை எல்லாவற்றையும்விட மோசமானது போலி நிம்மதி. 1990களின் இறுதியில் வந்த நீர்க்குளிர் போர்ஷே எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங் உடைந்தது பெரிய விவகாரமாகி, 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வந்தது. மேலே சொன்ன எம்3இன் தொடக்கக் கால எஞ்சின்களில் கனெக்டிங் ராட் பேரிங்குகளை பி.எம்.டபிள்யூ. தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. இவை வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் இருந்த பிழைகள். சுத்தமான ஆயில் அவற்றைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாமே தவிர, தீர்த்திருக்காது. அடிக்கடி ஆயில் மாற்றி எல்லாக் கெடுதலையும் விலக்கிவிடலாம் என்பது பரிகாரத்தின் மீதுள்ள நம்பிக்கை. எஞ்சினுக்கு அதில் பங்கில்லை.

கடைசி ஆட்சேபம் அறிவியலின் பெயரால் வருவது. ஊகம் எதற்கு, ஆயிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா? இதுவும் பழைய வித்தைதான். டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே 1940களிலேயே டீசல் எஞ்சின்களின் ஆயிலை நிறமாலைமானியில் எரித்து, இரும்பும் செம்பும் காரீயமும் எத்தனை என்று பார்த்து, எந்த எஞ்சின் பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்தது. பிறகு அமெரிக்கக் கடற்படை அதை விமானங்களுக்குக் கொண்டுபோனது. இன்று கார் உரிமையாளர் எவரும் சிறு புட்டியில் மாதிரி எடுத்து அனுப்பி, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற பட்டியலை வாங்கலாம். டிப்ஸ்டிக்கில் தொட்டுப் பார்த்துக் கறுத்துவிட்டது என்று தீர்ப்பு சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். கறுப்பதே ஆயிலில் உள்ள கழுவும் பொருள்கள் கரியைத் தூக்கிப் பிடித்து வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். ஆனால் வழக்கமான நிறமாலைமானி ஏறத்தாழ 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஒரு பேரிங் வேகமாகச் சிதையும்போது உதிர்வது பெரிய துகள்கள். தவிர, ஒரே ஓர் அறிக்கை எதையும் சொல்லாது. ஒரே எஞ்சினில், ஒரே பிராண்ட் ஆயிலில், ஆண்டுக்கு ஆண்டு எடுத்த அறிக்கைகளை வரிசையாக வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அந்த வரிசை வேண்டுமென்றால் ஆயிலைச் சீரான இடைவெளியில் மாற்றிக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஆக, இடைவெளிக்கு மாற்றாக வந்த ஆய்வும் இடைவெளியைத்தான் அடிப்படையாகக் கேட்கிறது.

இவற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறை சிக்கலானதல்ல. சாலையில் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, 500 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் 5,000 ஓடியிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதை நீண்ட நாள் நிறுத்தப்போகும்போது, நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டும். மீண்டும் எடுக்கும்போது புது ஆயில் ஊற்றுவதே பலரின் வழக்கம். அதில் அமிலமுள்ள ஆயிலைத் தூங்கவிட்டு, நல்ல ஆயிலை உழைக்கவிடுகிறோம். தூங்கும்போது நல்ல ஆயில் இருப்பதே பேரிங்குகளுக்கு முக்கியம். மாற்றிய பின் சூடேறும்வரை ஓட்டி நிறுத்திவிட்டு, இடையில் வீணாக ஸ்டார்ட் செய்யாமல் விட வேண்டும். வெளியே எடுத்தால் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். தண்ணீரின் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேற நேரமாகும் என்பதை மறக்கக் கூடாது. ஆண்டுக்குள் கையேட்டின் தூரத்தில் பாதி ஓடிவிட்டால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக் கணக்கும் பொருந்தாது. அங்கே ஆயிலின் வெப்பம் எத்தனை முறை 120ஐத் தாண்டியது என்பதே கணக்கு. இரண்டு, மூன்று தட நாட்களுக்குப் பிறகு தயங்காமல் மாற்றிவிடலாம். புது எஞ்சினுக்கு பி.எம்.டபிள்யூ.வின் எம் பிரிவு 2,000 கிலோமீட்டரிலேயே முதல் மாற்றத்தைக் கேட்கிறது. மற்ற நிறுவனங்கள் சில அப்படிக் கேட்பதில்லை. கேட்காதவற்றிலும் செய்துவிடுவதில் பிழையில்லை. பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகள் பிறகு எப்போதும் இருப்பதைவிட அப்போது அதிகம்.

ஓராண்டு என்பதும் இயற்கை விதித்த எண் அல்ல. பதினொன்று ஏன் ஆகாது, பதினான்கு ஏன் ஆகாது என்று கேட்டால் வேதியியல் பதில் சொல்லாது. நல்ல சூட்டில் நீண்ட பயணம் மட்டும் போகும் ஒரு காரின் ஆயில் இரண்டாவது ஆண்டிலும் நன்றாக இருக்கலாம். அப்படியும் ஆண்டுக் கணக்கைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், நாம் எதை அறியாமல் விடுகிறோம் என்பதை அந்த எண் மறைப்பதில்லை என்பதே. எத்தனை குளிர்ந்த ஸ்டார்ட், எத்தனை குறும்பயணம், எவ்வளவு ஈரம் என்று நாம் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காத வரை அந்தக் கடனைக் காலம்தான் தோராயமாக எண்ணிக்கொண்டிருக்கிறது. கிலோமீட்டரோ இதற்கு நேர்மாறானது. கடைசி எண் வரை துல்லியமாகத் தெரிவதால் எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் காட்டுகிறது. தன் காரை எப்படி ஓட்டினோம், எவ்வளவு நாள் நிறுத்தினோம், எவ்வளவு சூடேற்றினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறவர் ஆண்டுக் கணக்கையும் தாண்டித் தன் சொந்த இடைவெளியை வகுத்துக்கொள்ளலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. குறிக்காதவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றட்டும். 3,000 மைலும் 30,000 கிலோமீட்டரும் குறிப்பு வைக்காதவர்களுக்காக வேறு யாரோ போட்ட கணக்குகள். போட்டவருக்கு அவற்றில் லாபம் இருந்தது. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்த அந்த எஞ்சின் எந்தக் கணக்கிலும் வரவில்லை.